காற்றுக்குப் போட்ட கணக்கு

எல் நினோ என்ற பெயர் வட சிலாங்கூரில் யாருக்கும் புதிதில்லை. தஞ்சோங் காராங் வயல்களில் வாய்க்கால் தண்ணீர் இறங்கினாலும், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை சிறுத்தாலும், கோல சிலாங்கூரில் புகைமூட்டம் கண்ணைக் கரித்தாலும் அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும். ஆனால் வானிலை அறிவிப்புகளைக் கூர்ந்து படித்தால், எல் நினோ வரும் என்றோ வராது என்றோ அவை அடித்துச் சொல்வதில்லை. இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்றுதான் இருக்கும். கடலில் மிதவைகள், வானில் செயற்கைக்கோள்கள், அறை நிறையக் கணினிகள் எல்லாம் இருந்தும் ஏன் இந்த இழுபறி என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்த விழுக்காடுதான் அறிவிப்பிலேயே நேர்மையான பகுதி. அதை அப்படி எழுத மனிதர்கள் கற்றுக்கொள்ள ஏறக்குறைய 150 ஆண்டுகள் பிடித்தன. சென்னை மாகாணத்துப் பஞ்சமும், சிம்லா அலுவலகத்துக் குமாஸ்தாக்களும், பாரிஸ் பங்குச் சந்தையும், பட்டாணி எறியும் பையன்களும் அந்தக் கதையில் வருகிறார்கள்.

முதலில் கடலைப் பார்த்துவிடுவோம். பசிபிக்கின் நடுக்கோட்டில் வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிக் காற்று வீசும். அது வெதுவெதுப்பான மேல்நீரை இந்தோனேசியாப் பக்கம் தள்ளிக் குவித்து வைக்கிறது. தென் அமெரிக்கக் கரையைவிட இந்தப் பக்கம் கடல் மட்டம் அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்தே நிற்கும். காற்று தளர்ந்தால் குவிந்த நீர் கிழக்கே திரும்பும், மழை மேகங்களும் அதோடு நகரும், நம் பக்கம் வறளும். இதுதான் எல் நினோ. சிக்கல் எங்கே என்றால், எப்போதாவது ஒரு வாரமோ மூன்று வாரமோ மேற்கிலிருந்து எதிர்க்காற்று வெடித்து வீசும். அது எந்தக் கிழமை கிளம்பும் என்று யாராலும் மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிளம்பிவிட்டாலோ, கடலுக்கடியில் கெல்வின் அலை ஒன்றை எழுப்பி, இரண்டு மூன்று மாதத்தில் பெரு நாட்டுக் கரைவரை வெப்பத்தைக் கொண்டு சேர்க்கும்.

பெருவின் பைத்தா துறைமுகத்து மாலுமிகளுக்கு அந்தச் சூடான நீரோட்டம் நன்கு பழக்கம். கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் அதற்கு எல் நினோ என்று பெயரும் வைத்திருந்தார்கள். 1892இல் கமிலோ கரில்லோ என்ற கப்பல் தலைவர் லிமா புவியியல் கழகத்தின் இதழில் அதைப் பற்றி எழுதினார். அது உள்ளூர் நீரோட்டம் என்றுதான் அப்போது எல்லோரும் எண்ணினார்கள். உலகின் மறுபக்கத்தில் அதே கடல் பல லட்சம் பேரைக் கொன்றிருந்தது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அதுதான் தாது வருஷப் பஞ்சம். 1876இல் தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கியது. செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. கூலிக்குக் கஞ்சி என்ற நிலையில் நின்ற மக்களை வைத்துத்தான் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டினார்கள். பிழைக்க வழி தேடியவர்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் கப்பல் ஏறினார்கள். சிலாங்கூரில் ரப்பர் பெருகியது அதற்கு ஒரு தலைமுறை கழித்துத்தான். ஆனால் கடல் தாண்டிக் கூலிக்குப் போகும் வழி ஏற்கெனவே கால்பட்டுத் தேய்ந்திருந்தது. நம் பாட்டன் பூட்டன் கதையில் பசிபிக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்று இன்று உறுதியாகச் சொல்லலாம். அந்த ஆண்டுகளின் எல் நினோ, பதிவில் இருப்பவற்றிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று.

பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே காரணம் தேடும் போட்டி தொடங்கிவிட்டது. 1877இல் வில்லியம் வில்சன் ஹண்டர் என்ற அதிகாரி சென்னை மழைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, தென்னிந்தியப் பஞ்சம் சூரியப் புள்ளிகளோடு சேர்ந்து 11 ஆண்டுக்கு ஒருமுறை சுழல்கிறது என்று ஒரு நூல் எழுதினார். நார்மன் லாக்யர் என்ற வானியலாளர் கைகோத்தார். பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் அதற்கும் ஒரு படி மேலே போனார்: சூரியப் புள்ளி இந்திய விளைச்சலை ஆட்டுகிறது, இந்திய விளைச்சல் இங்கிலாந்து வணிகத்தை ஆட்டுகிறது என்றார். ஒருவர் சுழற்சி கண்டால் பத்துப் பேர் தாங்களும் ஒரு சுழற்சி கண்டுபிடித்தார்கள். எல்லோரும் தேடியது கடிகாரம்போல் தவறாமல் அடிக்கும் ஒன்றை.

இந்திய வானிலைத் துறை 1875இல் பிறந்ததும் அதற்கு முந்தைய புயலாலும் பஞ்சத்தாலும்தான். அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் இமயமலைப் பனியைப் பார்த்துப் பருவமழையை ஊகித்தார். காற்றழுத்தக் கணக்கு கேட்டுத் தூரத்து நாடுகளுக்கும் எழுதினார். 1888இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து சார்லஸ் டாட், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்தே வறள்கின்றன என்று கவனித்துச் சொன்னார். இருந்தும் 1899இல் நல்ல மழை என்று முன்னறிவித்த துறை, கொடிய வறட்சி கண்டு தலைகுனிந்தது.

அந்தத் தோல்விக்குப் பின் 1904இல் சிம்லாவில் பொறுப்பேற்றவர் கில்பர்ட் வாக்கர். வானிலை படித்தவர் அல்லர், கேம்பிரிட்ஜ் கணித மாணவர்களில் முதலிடம் பெற்றவர். தமிழர்களுக்கு அவரை இன்னொரு வகையிலும் தெரிந்திருக்க வேண்டும். 1913 பிப்ரவரியில் அவர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அங்கே குமாஸ்தாவாக இருந்த ஓர் இளைஞரின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். பார்த்தவர் சும்மா போகவில்லை. அந்த இளைஞருக்கு முழுநேரமும் கணிதம் செய்ய உதவ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்தக் குமாஸ்தாதான் இராமானுஜன்.

சிம்லாவில் வாக்கருக்கும் ஒரு குமாஸ்தாப் படை இருந்தது. உலகெங்குமிருந்து வந்த அழுத்தம், வெப்பம், மழை, ஆற்று வெள்ளம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு இந்திய எழுத்தர்கள் கையால் கணக்குப் போட்டார்கள். இன்று கணினி நொடியில் முடிக்கும் வேலைக்கு அவர்கள் ஆண்டுகள் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எந்த விருதிலும் இல்லை. அந்த எண் குவியலிலிருந்துதான் 1920களில் வாக்கர், பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்கும், அங்கே இறங்கினால் இங்கே ஏறும் என்ற ஊசலாட்டத்தைக் கண்டு பெயரிட்டார். ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்து அழுத்தமானி அந்த ஊசலின் ஒரு முனை ஆயிற்று. பருவமழையை முன்னறிவிக்க அவருக்கு அது கைகொடுக்கவில்லை. ஆனால் கதை அங்கே திரும்புகிறது.

1927இல் கேம்பிரிட்ஜில் உட்னி யூல் என்ற புள்ளியியலாளர் அதே சூரியப் புள்ளிகளைக் கையில் எடுத்தார். ஓர் ஊசல் ஆடுகிறது, அதன் ஆட்டத்தை நாம் அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அளப்பதில் பிழை வரலாம். அந்தப் பிழை ஊசலைத் தொடாது, அது தன் பாட்டுக்கு ஒழுங்காக ஆடும். இப்போது சில பையன்கள் அறைக்குள் புகுந்து, பட்டாணியை எடுத்து ஊசல் மேல் எறிகிறார்கள். ஒரு நேரம் இடப்பக்கமிருந்து, ஒரு நேரம் வலப்பக்கமிருந்து. இனி ஊசலின் ஆட்டமே மாறிவிடும். ஒரு சமயம் பெரிதாகும், ஒரு சமயம் சோரும், முறை தவறும். இருந்தும் பார்த்தால் அலைபோல்தான் இருக்கும். அதில் கடிகாரம் தேடுபவர் ஏமாந்து போவார். பட்டாணி அளவுப் பிழையன்று, ஆட்டத்தின் உள்ளேயே புகுந்துவிட்ட விசை. ஹண்டரும் ஜெவன்ஸும் தவறவிட்டது இந்த ஒரு வேறுபாட்டைத்தான். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிறுத்தம் இது.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியிருந்த வாக்கர் இதைப் படித்தார். 1931இல் யூலின் முறையை விரித்து எழுதி, அதை எதன்மேல் சோதித்தார் தெரியுமா? டார்வின் துறைமுகத்து அழுத்தத்தின் மேல். இருவர் பெயரையும் சேர்த்து அழைக்கப்படும் அந்தச் சமன்பாடுகளைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள், பேச்சொலியைக் கணினிக்குப் புரியவைக்கவும் அவை பயன்பட்டன. எல் நினோவுக்கான ஊசல் அங்கே தயார். பட்டாணி எது என்றுதான் தெரியவில்லை.

அதற்குள் வேறொரு பாதையில் அதே எண்ணம் நடந்து வந்துகொண்டிருந்தது. 1827இல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்களைப் பார்த்தார். நீரில் அவை ஓயாமல் துடித்தன. 1900இல் லூயி பஷ்லியே என்ற மாணவர் பாரிஸ் பங்குச் சந்தை விலைகளின் ஏற்ற இறக்கத்துக்கு ஏறக்குறைய அதே கணக்கைப் போட்டார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் முட்டுவதால்தான் துகள் துடிக்கிறது என்று நிறுவினார். 1943இல் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் இந்தக் கணிதம் முழுவதையும் தொகுத்து, விண்மீன் கூட்டங்களுக்கும் பொருத்தி, ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1954இல் அது ஒரு மலிவுப் பதிப்புத் தொகுப்பில் மறுபடி அச்சாகி, இயற்பியலுக்கு வெளியே இருந்தவர்கள் கைக்கும் போனது. மகரந்தம், பங்கு, விண்மீன். அடுத்து வரவேண்டியது கடல்.

கடலும் காற்றும் ஒன்றையொன்று பிடித்து ஆட்டுகின்றன என்று 1960களில் காட்டியவர் ஜேக்கப் பியர்க்னஸ். பெருவின் நீரோட்டத்தையும் வாக்கரின் ஊசலையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர் அவர்தான். அவருக்குக் கைகொடுத்த கணக்குகளில் ஒன்று, பசிபிக் நடுவில் கான்டன் என்ற சிறு பவளத் தீவிலிருந்து வந்தது. விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கியதால்தான் அந்தத் தீவில் ஆள் இருந்தார்கள். ஆள் இருந்ததால் வானிலை நிலையம் இருந்தது. அதே தீவின் காற்றுப் பதிவை 1971இல் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் இருவரும் துருவியபோது இன்னொன்று அகப்பட்டது. 40, 50 நாளுக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடலில் மேகமும் காற்றும் திரண்டு கிழக்கே நகர்கின்றன. அது சுமத்ராவையும் நம் தீபகற்பத்தையும் போர்னியோவையும் கடந்துதான் பசிபிக்குக்குள் இறங்க வேண்டும். மேற்கிலிருந்து வெடிக்கும் அந்த எதிர்க்காற்றுகளில் பல இதன் கையாட்கள். அதாவது, பட்டாணி எறிபவர்கள் கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி கலங்கரை விளக்கத்துக்கு மேலேதான் நடந்து போகிறார்கள்.

1976இல் ஹம்பர்க்கில் கிளாஸ் ஹாசல்மன் இரண்டு பாதைகளையும் சேர்த்தார். நாளுக்கு நாள் மாறும் வானிலையை மூலக்கூறுகளின் இடத்திலும், மெல்ல மாறும் கடலைப் பிரவுனின் துகள் இடத்திலும் வைத்தார். ஒவ்வொரு நாளின் காற்றும் சில்லறை உதைதான், ஆனால் கடல் அதைச் சேர்த்து வைக்கிறது. சேர்த்து வைத்ததெல்லாம் ஆண்டுக்கணக்கில் நீளும் மாற்றமாக வெளிவரும். அதுவரை வானிலையைச் சத்தம் என்று வடிகட்டி எறிந்தவர்கள், எறிந்ததுதான் இயந்திரத்தை ஓட்டுகிறது என்று கேட்டபோது ஏற்கத் தயங்கினார்கள். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1982இல் எல் நினோ யாருக்கும் தெரியாமல் பாதி வளர்ந்துவிட்டது. மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்துக் கக்கிய தூசு செயற்கைக்கோளின் கண்ணை மறைத்ததும் ஒரு காரணம். அந்த அவமானம்தான் நடுக்கோட்டின் குறுக்கே ஏறத்தாழ 70 மிதவைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. 1986இல் மார்க் கேனும் ஸ்டீபன் செபியாக்கும் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு எல் நினோவை முன்கூட்டிச் சொன்னார்கள், அது வரவும் செய்தது. அவர்கள் மாதிரியில் வெளியிலிருந்து பட்டாணி எதுவும் விழவில்லை. ஒழுங்கின்மை அதன் உள்ளிருந்தே பிறந்தது. உடனே அதைப் பின்பற்றிப் பல மாதிரிகள் முளைத்தன. இன்னொரு பக்கம் 1995இல் செசில் பென்லாண்ட், பிரசாந்த் சர்தேஷ்முக் இருவரும் கடலின் வெப்பப் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு எளிய மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். தானாக விட்டால் அடங்கிவிடும் ஊசல், தாறுமாறான உதைகளால் ஆடிக்கொண்டே இருக்கிறது என்றது அது. யூலின் அறையும் வாக்கரின் டார்வினும் ஏழு பத்தாண்டு கழித்து மறுபடி சந்தித்தன. பெரிய கணினி மாதிரிகளோடு இந்தச் சிறிய மாதிரி சரிக்குச் சரி நின்றது பலரை யோசிக்க வைத்தது.

இயற்கையே இரண்டு முறை சோதனை நடத்திக் காட்டியது. 1996 டிசம்பரிலும் 1997 மார்ச்சிலும் மேற்குக் காற்று வெடித்தது. அந்த ஆண்டு எல் நினோ ராட்சத உருவெடுத்து, சுமத்ராவும் கலிமந்தானும் எரிந்து, செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் சுப்பிங்கில் வெப்பம் 40.1 பாகையைத் தொட்டது. பிறகு 2014. ஆண்டின் தொடக்கத்தில் 1997ஐப் போலவே காற்று, அதே கெல்வின் அலை. பெரிய எல் நினோ வருகிறது என்று உலகமே பேசியது. ஜூனில் கிழக்கிலிருந்து ஓங்கி ஒரு காற்று வீசி எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. தேங்கிய வெப்பம் காத்திருந்து, 2015இல்தான் முழுவதுமாகக் கிளம்பியது. ஜனவரியில் எவ்வளவு நுணுக்கமாக அளந்திருந்தாலும் அந்த ஜூன் காற்றை யாரும் பிடித்திருக்க முடியாது. ஆகவேதான் இன்றைய முன்னறிவிப்பு மையங்கள் ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டுகின்றன, ஒவ்வொரு முறையும் காற்று கொஞ்சம் வேறாக. நூறு ஓட்டத்தில் அறுபதில் கடல் சூடானால் அறுபது விழுக்காடு. அறிவிப்பில் நாம் படிக்கும் எண்ணின் அடிப்படை இது.

பட்டாணி எறியும் பையன்களும் முழுச் சுதந்திரம் பெற்றவர்கள் அல்லர் என்பது பிறகு தெரிந்தது. 2005இல் ஈயன் ஐசன்மனும் உடன் ஆய்ந்தவர்களும், கடலின் சூடான பகுதி கிழக்கே விரிய விரிய மேற்குக் காற்றும் அதிகமாக வெடிக்கிறது என்று காட்டினார்கள். காற்று கடலைச் சூடாக்குகிறது, சூடான கடல் மேலும் காற்றை அழைக்கிறது. ஊசல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் எறிவதற்கு மேலும் பையன்கள் வந்து சேர்கிறார்கள். பெரிய எல் நினோக்கள் ஏன் அவ்வளவு பெரிதாகின்றன என்பதற்கு இது நல்ல விளக்கம்.

வட சிலாங்கூரில் இதன் கணக்கு வேறு தாளில் எழுதப்படுகிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதிப் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவர். செம்பனைக்கு வறட்சி உடனே வலிக்காது. மட்டைக் கக்கத்தில் உருவாகும் பூ ஆணா பெண்ணா என்பது குலை பழுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பே முடிவாகிறது. தண்ணீர் இல்லாவிட்டால் மரம் ஆண் பூவையே அதிகம் விடும். பிறகு நல்ல மழை பெய்து, மரம் பச்சையாக நிற்கும்போது, வெட்ட வருபவர் அண்ணாந்து பார்த்தால் குலை இருக்காது. மலேசியாவின் கச்சாப் பாமாயில் உற்பத்தி 2015இல் ஏறத்தாழ 2 கோடி டன், 2016இல் 1.73 கோடி டன். 1980 முதல் கோலாலம்பூரில் நடக்கும் பாமாயில் முன்பேரச் சந்தையில் எல் நினோ செய்திக்கே விலை ஏறும். பஷ்லியேயின் சந்தைக் கணக்கும் ஹாசல்மனின் கடல் கணக்கும் ஒரே மரத்தின் குலையில் வந்து சேர்ந்துவிட்டன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பழியையும் பசிபிக்கின் மேல் போடக்கூடாது. எல் நினோவின் பிடி சபா, சரவாக்கில் இறுகும் அளவுக்குத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இறுகுவதில்லை. 2005 ஆகஸ்ட் 11 அன்று காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி, கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவித்தார்களே, அப்போது பசிபிக்கில் எல் நினோ இல்லை. சுமத்ராவில் வைத்த தீயும், நீரை வடித்துக் காயவிட்ட சதுப்பு நிலமும், நம் பக்கம் வீசிய காற்றும் போதுமானவையாக இருந்தன. வைத்தவர் கையில் இருந்த தீக்குச்சியைக் கடலின் கணக்கில் எழுத முடியாது.

நம் கரைக்கென்று ஒரு தாறுமாறுக் காற்றும் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு விடியும் முன் கரையேறும் சுமத்ராக் காற்று. பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் வந்து அடித்துவிட்டால் ரப்பர் மரம் ஈரமாகிவிடும், அன்றைக்குச் சீவு இல்லை, கூலியும் இல்லை. இன்று வருமா என்று மேற்கு வானத்தைப் பார்த்து எடைபோட்ட தொழிலாளர்கள், விழுக்காடு என்ற பெயரில்லாமல் விழுக்காட்டில்தான் யோசித்தார்கள்.

கணினி மாதிரிகள் இன்றைக்கும் அதிகம் தடுமாறும் இடம் நம் வட்டாரம்தான். இந்தியப் பெருங்கடலில் திரளும், மேடனும் ஜூலியனும் கண்ட அந்த அலைகளில் கணிசமானவை சுமத்ராவிலும் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் மோதிச் சிதைந்துவிடுகின்றன. எது கடக்கும், எது சாகும் என்று மாதிரிகளால் சரியாகச் சொல்ல முடிவதில்லை. தீவுகளின் மலை, பகலில் தரை சூடாகித் திரளும் இடிமழை, ஆழமற்ற கடல் எல்லாம் சேர்ந்து கணக்கைக் குழப்புகின்றன. இதைத் துலக்கவே பல நாடுகள் கூடி 2017இல் தென்கிழக்காசியத் தீவுக் கடல்களில் கப்பல்களையும் ராடார்களையும் கொண்டு பல ஆண்டுக் கூட்டு ஆய்வைத் தொடங்கின. அவர்களுக்கு வேண்டியது நீண்ட காலத்து அன்றாட மழைப் பதிவு. தோட்டத்து ஆபீஸ் முற்றங்களில் செம்புப் புனல் வைத்த மழைமானி நிற்கும். கிராணி காலையில் அதன் நீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, தேதி போட்டுப் புத்தகத்தில் ஏற்றுவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பாகும்போது அந்தப் புத்தகங்கள் பழைய தாளோடு எடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிம்லாக் குமாஸ்தாக்களின் பேரேடுகள் இல்லாமல் வாக்கரின் ஊசல் இல்லை. இந்தப் பேரேடுகளும் அதே வேலைக்கு இன்னும் ஆகும்.